குசினி அலுமாரிக்குப் புது முகம்

என் பட்டறையில் ஒரு பழைய பால்மா டின் இருக்கிறது. ஐம்பது வருடமாகக் கழற்றிய பிணைச்சல்களில் மாதிரிக்கு ஒன்றாக அதற்குள் போட்டு வைத்திருக்கிறேன். பித்தளையில் வார்த்தவை, இரும்புத் தகட்டை மடித்துச் செய்தவை, கதவுக்குள் கிண்ணம் போலப் பதியும் புதுமாதிரி எல்லாம் உண்டு. கொழும்பில் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் நான் கதவு மாற்றி, பெயின்ட் அடித்துக் கொடுத்த குசினி அலுமாரிகளின் சரித்திரம் அந்த டின்னுக்குள் கிடக்கிறது. என் பிள்ளைகள் யாரும் உளி பிடிக்கவில்லை. அதனால் தெரிந்ததை எழுதி வைக்கிறேன்.

எங்கள் தொழிலின் சொற்களே பாதிக் கதையைச் சொல்லிவிடும். குசினி, அலுமாரி, மேசை, கதிரை எல்லாம் போர்த்துக்கேயர் விட்டுப்போன சொற்கள். லாச்சியும், கைதேர்ந்த வேலைக்காரனை நாங்கள் மரியாதையோடு கூப்பிடும் 'பாஸ்' என்பதும் ஒல்லாந்தரிடமிருந்து வந்தவை. என் பட்டறையிலிருந்து நடந்து போகும் தூரத்தில் வுல்ஃபெண்டால் தேவாலயம் இருக்கிறது. 1749இல் தொடங்கி 1757இல் வழிபாட்டுக்குத் திறந்த ஒல்லாந்தக் கோயில் அது. அங்குள்ள பழைய கதிரைகளின் பொருத்துகளைப் பார்த்தால் அந்தக் காலத்துக் கை எவ்வளவு நிதானமானது என்று விளங்கும்.

ஆனால் அலுமாரி என்ற சாமான் நெடுங்காலம் குசினிக்குள் வரவில்லை. அதற்குரிய இடம் விறாந்தையும் படுக்கையறையும்தான். குசினியில் உறி தொங்கும், சுவரில் பலகைத் தட்டு இருக்கும், அடுப்புக்கு மேலே பரண் இருக்கும். முதலில் உள்ளே வந்தது 'மீட் சேஃப்'. நாலு கால், பக்கங்களில் கம்பிவலை, முன்னால் இரண்டு கதவு. எறும்பு ஏறாமல் ஒவ்வொரு காலையும் தண்ணீர் ஊற்றிய டின்னுக்குள் வைப்பார்கள். பச்சை எனாமல் பூசுவார்கள். கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்க வீடுகளில் நத்தாருக்கு முன்னும், சைவ வீடுகளில் தைப்பொங்கலுக்கு முன்னும் அதற்கு மறுபூச்சு நடக்கும். சுவருக்கு வெள்ளை அடித்த கையோடு மீட் சேஃபுக்கும் ஒரு பூச்சு. என் முதல் சம்பளம் அந்த வேலையில்தான் கிடைத்தது.

1971இல், பதினான்கு வயதில், மொரட்டுவையைச் சேர்ந்த ஒரு சிங்கள பாஸிடம் வேலைக்குச் சேர்ந்தேன். மொரட்டுவை என்றால் தச்சு வேலை. கொழும்பில் 1860இல் தொடங்கிய டொன் கரோலிஸ் தளபாடக் கம்பனியின் பெயரை அவர் கோயிலின் பெயரைப் போல உச்சரிப்பார். அநகாரிக தர்மபாலரின் தகப்பனார் தொடங்கிய கம்பனி அது. பலகையைச் சீவும்போது நார் போகும் திசையைத் தடவிப் பார்க்கச் சொல்லித் தந்தவர் அவர். அவரிடம் நான் சிங்களம் படித்தேன், அவர் என்னிடம் தமிழ் படித்தார்.

நான் வேலை பழகிய வருடங்கள் தட்டுப்பாட்டுக் காலம். 1977 வரைக்கும் இறக்குமதிக்குக் கடுமையான கட்டுப்பாடு. நல்ல பிணைச்சல் கிடையாது, பிளைவுட் கிடையாது. தேயிலைப் பெட்டிக்கென்று காலிக்குப் பக்கத்தில் ஜின்தோட்டை ஆலையில் செய்த மெல்லிய பலகைகூடக் கைக்குக் கை மாறி எங்களிடம் வரும். பழைய அலுமாரியை எறிவதை யாரும் நினைத்தே பார்க்கவில்லை. கூடு நன்றாயிருந்தால் கதவை மட்டும் மாற்றுவோம். கோணிய ஆணியைத் தட்டி நிமிர்த்துவோம். வெடிப்புகளைச் சுண்ணத்தூளும் ஆளிவிதை எண்ணெயும் பிசைந்து அடைப்போம். பாஸ் அடிக்கடி சொல்வார், உடம்பு நல்லதென்றால் சட்டையைத்தான் மாற்ற வேணும் என்று.

1977இல் திறந்த பொருளாதாரம் வந்தது. பழைய சோனகத் தெருக் கடைகளில் சாமான் நிறைந்தது. அதோடு போமைக்கா மோகமும் பரவியது. அமெரிக்காவில் சின்சினாட்டி நகரத்தில் 1913இல் மின்கருவிகளுக்குக் காப்பாக, மைக்காவுக்குப் பதிலாகச் செய்யத் தொடங்கிய பொருள் அது. பெயரே அதிலிருந்துதான் வந்தது. எங்களிடம் அது பழைய பலாப்பலகைக் கதவை மூடும் பளபளப்பாக வந்து சேர்ந்தது. கதவைக் கழற்றி, சீவி, பசை பூசி, காயவிட்டு, தாளை ஒட்டி, விளிம்பை அராவினால் ஒரு நாளில் குசினி புதிதாகிவிடும்.

பிறகு 1983 ஜூலை, தமிழருக்கு எதிரான கலவரம். என் மனைவியும் நானும் கைக்குழந்தையோடு பக்கத்துச் சிங்கள வீட்டின் பின்னறையில் இரண்டு இரவு ஒளிந்திருந்தோம். பட்டறை எரிந்துபோனது. அடுத்த வருடம், வெள்ளவத்தையில் விவேகானந்தா வீதிப் பக்கமிருந்து ஒரு ரீச்சர் ஆள் அனுப்பினார். கலவரத்தில் அகதி முகாமில் இருந்து, கப்பலில் காங்கேசன்துறைக்குப் போய், திரும்பி வந்தவர். வீட்டின் பின்பாதி எரிந்து கிடந்தது. குசினிச் சுவரோடு ஒரு பலா அலுமாரி கரிக்கட்டையாக நின்றது.

"தம்பி, இது அம்மான்ர சாமான். எறியச் சொல்லாதேங்கோ."

நான் சீவுளியை வைத்து ஒரு இழுப்பு இழுத்தேன். கரி உதிர்ந்தது. இரண்டாவது இழுப்பில் மஞ்சள் தெரிந்தது. தடித்த வைர மரம் எரியும்போது மேலே படியும் கரியே உள்மரத்துக்குக் காவலாகிவிடும். அதைப் பாஸ் சொல்லியிருந்தார், அன்றைக்குத்தான் கண்ணால் கண்டேன். கதவுகள் போய்விட்டன, கூடு பிழைத்திருந்தது. புதுக் கதவு செய்து, எரியாமல் கிடைத்த இரண்டு பித்தளைப் பிணைச்சலையும் சாம்பல் போட்டுத் தேய்த்துப் பூட்டி, வெளிர்நீல எனாமல் அடித்தேன். உள்பக்க மூலையில் கை அகலத்துக்குக் கரியை அப்படியே விடச் சொன்னார் ரீச்சர். ஏனென்று நான் கேட்கவில்லை.

1995க்குப் பிறகு போரால் யாழ்ப்பாணத்திலிருந்து சனம் வந்தது. வெள்ளவத்தை ஒழுங்கைகளில் தனிவீடுகள் இடிந்து அடுக்குமாடிகள் எழும்பின. அவற்றோடு 'பான்ட்ரி' வந்தது. அப்படிச் சுவரோடு சுவராகப் பொருந்தும் குசினி 1926இல் ஜெர்மனியின் பிராங்பேர்ட்டில், மார்கரெட் ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டடக் கலைஞர் தொழிலாளர் வீடுகளுக்காக வரைந்தது. ஏறக்குறைய 10,000 வீடுகளில் அது அமைந்தது. பெண்களின் வீண்நடையைக் குறைக்கும் அந்த யோசனையை நான் மதிக்கிறேன். ஆனால் இங்கே வந்தது பெரும்பாலும் மரத்தூளை அழுத்திய பலகை. தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே ஈரம் பட்டால் பாண் போல ஊதும். கடற்காற்றின் உப்பு மலிவான பிணைச்சலைத் தின்றுவிடும். ஊதிய பலகைக்கு எந்தப் பெயின்டும் மருந்தில்லை, கூட்டையே மாற்ற வேண்டும். அதை வீட்டுக்காரரிடம் நேரே சொல்லிவிடுவேன்.

2022இல் தட்டுப்பாடு திரும்பி வந்தது. அந்த செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் 69.8 சதவீதம். காஸ் இல்லாமல் விறகும் மண்ணெண்ணெயும் எரிந்து குசினிகள் கறுத்தன. புதுப் பான்ட்ரி வாங்கக் காசில்லாதவர்கள் எங்களைத் தேடினார்கள். பாஸ் பழக்கிய வேலைதான். கதவுகளுக்குப் பென்சிலால் இலக்கமிட்டுக் கழற்றுவோம். எண்ணெய்ப் பிசுக்கைச் சலவைச் சோடாவால் கழுவுவோம். பிசுக்கின் மேல் அடித்த பெயின்ட் மழைக்காலம் தாண்டாது. பழைய எனாமலை ஈரமாக்கிய அரத்தாளால்தான் தேய்ப்போம், ஏனென்றால் அதில் ஈயம் இருக்கலாம், தூசு குழந்தைகளுக்கு ஆகாது. பெயின்டில் ஈயத்துக்கு இலங்கையில் வரம்பு வந்தது 2013இல்தான். பிறகு பிரைமர், அது நன்றாகக் காய்ந்ததும் மெல்லியதாக இரண்டு பூச்சு. அவசரப்பட்டால் தடித்து வழியும்.

அந்த வருடம் ரீச்சர் வீட்டிலிருந்தும் கூப்பிட்டார்கள். ரீச்சர் காலமாகிவிட்டார். ரொறன்ரோவிலிருந்து வந்திருந்த மகள், அலுமாரியை விற்கவா என்று கேட்டார். நான் கதவைத் திறந்து, உள்மூலையில் அந்தக் கரியைக் காட்டினேன். அவர் விரலால் தொட்டார், விரல் நுனி கறுத்தது. நெடுநேரம் பேசாமல் நின்றுவிட்டு, "பெயின்ட் மட்டும் அடியுங்கோ அண்ணா" என்றார்.

வறுமையால்தான் பழையதற்குப் பெயின்ட் அடிக்கிறோம் என்று பலர் நினைக்கிறார்கள். காசு ஒரு காரணம்தான். ஆனால் ஓடி ஓடி வீடு மாறிய சனத்துக்கு, தாயின் கை பட்ட கூடு ஒன்று நிலைத்து நிற்பது சிறிய காரியமில்லை. அதை நிற்கவைத்த தொழில் எங்களுடையது.

கழற்றிய பித்தளைப் பிணைச்சல்களில் ஒன்றை டின்னுக்காக எடுத்துக்கொள்ளச் சொன்னார் மகள். எனக்கு மனம் வரவில்லை. இரண்டையும் எண்ணெய் விட்டுத் துடைத்து, பழைய துளைகளிலேயே திருப்பிப் பூட்டினேன்.