ராப்பலகையும் நம் மொட்டைமாடியும்

பெங்களூரு மர்பி டவுனின் பழங்கதையையும் அல்சூர் ஏரிக்கரையின் வள்ளுவர் சிலையையும் இம்மலரில் பிறர் எழுதுவர். அவை நம்மவர்க்குத் தெரியாதவையும் அல்ல. கடல் காணாத ஊரில் கடலோடிகளின் சொல்லைப் பேசப்போகிறேன், பொறுத்தருள்க. துணைக்கு நம் அல்சூர்ச் சோமேசுவரர் இருக்கிறார். சோமன் என்றால் திங்கள்தானே!

சிலப்பதிகாரம் திங்களைப் போற்றித் தொடங்குகிறது; ஞாயிறும் மழையும் பின்னரே வருகின்றன. திங்கள் ஏன் முந்திற்று? கதை தொடங்கும் புகார் ஒரு துறைமுகம். துறைமுகத்தில் பிழைப்பவன் ஓதம் என்னும் கடலின் ஏற்ற இறக்கம் பார்த்து நாளை வகுப்பான். ஓதமோ மதியின் வசம். இது என் கருத்து. புலவர்கள் ஒப்பாவிட்டாலும் பரதவர் ஒப்புவர்.

‘உவா’ என்ற சொல்லைப் பாருங்கள். முழுமதிக்கும் அதுவே பெயர், மறைமதிக்கும் அதுவே பெயர். வேறுபடுத்த வேண்டுமானால் வெள்ளுவா, காருவா. கரையில் இருப்பவனுக்கு ஒன்று வெளிச்சம், மற்றது கும்மிருட்டு. கடலுக்கு இரண்டும் ஒன்றே, இரண்டிலும் ஓதம் பொங்கும். இந்தச் சொல்லுக்குள் ஒரு பாடமே அடங்கிக் கிடக்கிறது.

ஞாயிற்றுக்கும் பெயர்ப் பஞ்சமில்லை: பரிதி, என்றூழ், எல், கதிரவன், பகலவன். வெறும் அலங்காரம் என்று எண்ணிவிடாதீர்கள்; ஞாயிற்றைக் கூர்ந்து நோக்கியவர்களின் சொற்கள் இவை. நெடுநல்வாடையில் அரண்மனைக்கு மனை வகுப்போர் உச்சிப்பொழுதில் கோல் நட்டு, நிழல் பார்த்துத் திசை குறிக்கின்றனர். புறநானூற்று 30ஆம் பாட்டில் முதுகண்ணன் சாத்தனார், ஞாயிற்றின் செலவையும் காற்றின் திசையையும் நேரில் போய் அளந்தவர்போலச் சொல்லும் அறிஞரைக் காட்டுகிறார். அதே பாட்டில் பாய் இறக்காமல், பாரம் குறைக்காமல் ஆற்றுமுகத்தில் புகும் பெருங்கலமும் வருகிறது. வானை அளந்தவனும் கலத்தை ஓட்டியவனும் அடுத்தடுத்து நிற்கும் அழகை என்னென்பது!

இனி ராப்பலகை: இரவில் துருவ மீனின் உயரம் பார்த்து வழியறிய மாலுமிகள் கையாண்ட கருவி. சோழமண்டலக் கரை மாலுமிகளின் இத்தகைய உபாயங்களை 1850இல் காங்கிரீவ் என்னும் ஆங்கிலேயர் சென்னை இதழொன்றில் விவரித்தார். அரபியர் ராப்பலகையைக் கமால் என்பர். உள்ளங்கையளவுப் பலகை, நடுவில் துளை, துளையில் முடிச்சிட்ட கயிறு. ஒவ்வொரு முடிச்சும் ஒரு துறை. முடிச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, கயிறு விறைக்கும்படி பலகையை நீட்டிப் பிடிக்க வேண்டும். கீழ்விளிம்பு கடல்விளிம்பில் படிய, மேல்விளிம்பு துருவ மீனைத் தொட்டால் அந்தத் துறைக்கு நேரே வந்தாயிற்று. மீன் பலகைக்குள் மறைந்தால் இன்னும் வடக்கே ஏற வேண்டும்.

பலகை 3 அங்குல உயரம் என்று வைத்துக் கணக்குப் போட்டேன். நாகப்பட்டினத்து முடிச்சு ஏறக்குறைய 16 அங்குலத்தில் விழுகிறது, சென்னையினது 13இல், விசாகப்பட்டினத்தினது ஒன்பதரையில். வடக்கே போகப் போக மீன் உயரும், கயிறு குறுகும்.

இதில் ஒரு வெட்கமும் உண்டு. மீகாமன் என்ற நம் சொல்லை நாம் கைவிட, அரபிலிருந்து வந்த மாலுமி நிலைத்துவிட்டான். சுக்கானும் அவ்வழியே வந்ததுதான். ஆனால் இரவையும் பலகையையும் சேர்த்து அந்த மாலுமி தன் கருவிக்கு இட்ட பெயர் நம் தமிழிலேயே இருக்கிறது.

நம் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். மர்பி டவுனும் சென்னையும் ஏறத்தாழ ஒரே அட்சக்கோட்டில், வடக்கே 13 பாகையில் இருக்கின்றன. சென்னைத் துறைக்கு இட்ட முடிச்சு நம் மொட்டைமாடிக்கும் பொருந்தும். ஒரு பலகைத் துண்டும் சணல் கயிறும் போதும், செய்து பாருங்கள். கடல்விளிம்புக்குப் பதிலாகக் கண் மட்டத்தில் ஒரு குறி வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். வடக்கே அடுக்குமாடி மறைக்காத வீடாக முதலில் தேடுங்கள்.