கொரிந்தியர் முதல் நிருபத்தில் ஓட்டப்பந்தய உருவகம்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

விவிலிய நூலாசிரியர்கள் அறநெறியை உணர்த்த உப்பு, விளக்கு, புளித்த மா, நுகம் முதலான அன்றாடப் பொருள்களை உருவகமாகக் கையாண்டனர். கொரிந்து நகரச் சபைக்குப் பவுல் எழுதிய முதல் நிருபத்தின் 9ஆம் அதிகார இறுதியில் வரும் ஓட்டப்பந்தயமும் அத்தகையதே. பந்தயத்தில் ஓடுவோர் பலர். பரிசு பெறுபவர் ஒருவர். எனில், கிறிஸ்தவ வாழ்வு பிறரை முந்தும் போட்டிதானா? அந்நகரின் வரலாற்றுப் பின்னணியிலும் நிருபத்தின் வாதப்போக்கிலும் இவ்வினாவிற்கு விடை காண முயல்கிறது இக்கட்டுரை.

கொரிந்தும் இஸ்த்மியப் போட்டிகளும்

கி.மு. 146இல் உரோமரால் அழிக்கப்பட்ட கொரிந்து, கி.மு. 44இல் ஜூலியஸ் சீசரால் உரோமக் குடியேற்றமாக மீண்டும் நிறுவப்பட்டது. அதனருகே இரு கடல்களுக்கு இடைப்பட்ட ஒடுங்கிய நிலப்பகுதியில், கடல் தெய்வமான பொசைடனின் பெயரால் ஈராண்டுக்கு ஒருமுறை இஸ்த்மியப் போட்டிகள் நடைபெற்றன. வென்றவர்க்குப் பைன் இலையாலோ வாடிய செலரித் தழையாலோ ஆன முடி சூட்டப்பெற்றது. நிருபம் கூறும் ‘அழியும் கிரீடம்’ கொரிந்தியர் கண்ணாரக் கண்டதாகும்.

பவுல் அந்நகரில் ஒன்றரை ஆண்டு தங்கி, ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் ஆகியோருடன் கூடாரத் தொழில் செய்தார் என்கிறது அப்போஸ்தலர் நடபடிகள். ஆளுநர் கல்லியோனைக் குறிப்பிடும் டெல்பிக் கல்வெட்டின் துணைகொண்டு அக்காலம் ஏறத்தாழ கி.பி. 50–52 எனக் கணிக்கப்படுகிறது.

உருவகமும் உரிமைத் துறப்பும்

இவ்வுருவகம் தனித்து நிற்பதன்று. விக்கிரகங்களுக்குப் படைத்த இறைச்சியை உண்ணலாமா என்பது 8ஆம் அதிகாரத்தின் சிக்கல். உண்ண உரிமை உடையவரும் மனவலிமை குன்றியவர் இடறாதபடி அதனை விட்டுக்கொடுக்க வேண்டும் என்கிறார் பவுல். அடுத்த அதிகாரத்தில் தம்மையே சான்றாக்கி, ஊழியத்திற்கு ஊதியம் பெறும் உரிமை இருந்தும் அதனைத் தாம் பயன்படுத்தவில்லை என்கிறார். இதன் பின்னரே ஓட்டப்பந்தயம் பேசப்படுகிறது.

எனவே உருவகத்தின் மையம் முந்துதல் அன்று, இச்சையடக்கமே. வீரன் பயிற்சிக்காலத்தில் விலக்குபவை யாவும் தீயன அல்ல. அவன் துய்க்கத் தக்கனவும் அவற்றுள் உண்டு. ஆயினும் ஒரு வேறுபாடு குறிக்கத்தக்கது. வீரன் விலக்குவது தன் வெற்றி கருதி. பவுல் விலக்கியது பிறர் நலமும் கருதி. ‘ஓடுங்கள்’ என்னும் ஏவலும் கிரேக்க மூலத்தில் பன்மையிலேயே அமைந்துள்ளது. பரிசு ஒருவர்க்கே என்பது பந்தயத்தின் விதி. சபையின் விதி அன்று.

பிறருக்குப் பிரசங்கித்த தாமே தகுதியிழந்துவிடலாகாது என்னும் அச்சத்துடன் பகுதி முடிகிறது. பிரசங்கித்தலைக் குறிக்கும் கிரேக்க வினை, அறிவிப்பாளன் முழக்கமிடுதலையும் குறிக்கும். போட்டிக்களத்தில் விதிகளை அறிவிப்பவனே விதியால் விலக்கப்படும் நிலையை இது நினைவூட்டுகிறது. கண்டிப்பு முதலில் போதிப்பவர்மீதே விழுகிறது.

முடிவுரை

கொரிந்தியர் நன்கறிந்த வெற்றிக் களத்திலிருந்து பவுல் எடுத்துக்கொண்டது வீரனின் தன்னடக்கத்தை. விட்டுவிட்டது பிறர் தோல்வியில் பெறும் பெருமையை. தனக்குள்ள உரிமையை எளியவர் பொருட்டுத் துறக்கும் பயிற்சியே கிறிஸ்தவ வாழ்வு என்பது இவ்வுருவகம் உணர்த்தும் நெறியாகும்.