லெஜாந்தரின் பாடநூலும் அதன் பின்குறிப்புகளும்

1793இல் பாரிஸ் அறிவியல் அகாதெமி மூடப்பட்டது. புரட்சியின் கொந்தளிப்பில் அத்ரியன் மரி லெஜாந்தரின் கைப்பொருளும் கரைந்துபோயிருந்தது. எண் கோட்பாட்டிலும் நீள்வட்டத் தொகையீடுகளிலும் பெயர் நாட்டிய அந்த ஆய்வாளர் மறு ஆண்டே மாணவர்க்கென ஒரு வடிவியல் நூலை வெளியிட்டார். 1823இல் அது பன்னிரண்டாம் பதிப்பைக் கண்டது.

நூல் முதலில் வெளிவந்தபோதே பிரான்சில் யூக்ளிடின் பிடி தளர்ந்திருந்தது. 1741இல் கிளேரோ எழுதிய நூல் நில அளவையிலிருந்து தொடங்கி, கண்ணுக்குத் தெளிவாகத் தெரிவதற்கு நிறுவல் எதற்கு என்று கடந்து சென்றது. லெஜாந்தர் மாணவனை மறுபடி நிறுவலுக்கு இழுத்து வந்தார். ஆனால் யூக்ளிடை அப்படியே படியெடுக்கவில்லை. வரைமுறைக் கணக்குகளைத் தேற்றங்களின் இடையிலிருந்து பிரித்துத் தனியே தொகுத்தார். யூக்ளிடின் ஐந்தாம் புத்தகத்தின் கடினமான விகிதக் கோட்பாட்டை முழுதாகவே இறக்கி வைத்தார். விகிதசமத்தை மாணவன் எண்கணிதத்தில் படித்திருப்பான், கோட்டின் நீளத்தை எண்ணாகக் கொண்டு மேலே போகலாம் என்பது அவர் துணிவு. இன்று நம் பள்ளிப் பிள்ளைகள் வடிவொத்த முக்கோணங்களின் பக்கங்களைப் பின்னமாக எழுதிக் குறுக்கே பெருக்கும்போது, அவர்கள் நடப்பது யூக்ளிடின் வழியில் அன்று, இந்த வழியில்தான். கற்பித்தல் எளிதாயிற்று, பொது அளவில்லாத நீளங்களைப் பற்றிய நுட்பமோ பின்னுக்குப் போயிற்று.

நூலை ஆங்கிலமாக்கிய இளைஞர் தாமஸ் கார்லைல் இந்த இடைவெளியைக் கண்டுகொண்டு, விகிதசமம் பற்றித் தாமே ஒரு கட்டுரை எழுதிச் சேர்த்தார். பின்னாளில் பிரெஞ்சுப் புரட்சியின் வரலாற்றை எழுதிப் புகழ்பெற்ற அதே கார்லைல்தான். அமெரிக்காவில் 1819இல் ஹார்வர்டின் ஃபாரரும், 1828இல் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியின் டேவிஸும் இந்நூலைத் தம் மாணவர்க்கு ஏற்றபடி ஆக்கினர். இங்கிலாந்து மட்டும் யூக்ளிடை எளிதில் விடவில்லை. யூக்ளிடுக்கு வக்காலத்து வாங்கி 1879இல் லூயிஸ் கரோல் எழுதிய நாடக நூலில், விசாரிக்கப்படும் போட்டியாளர்களுள் லெஜாந்தரும் ஒருவர்.

நூலின் உயிர்நாடி என நான் கருதுவது இணைகோட்டுப் பகுதி. இணைகோடுகள் பற்றிய யூக்ளிடின் ஐந்தாம் எடுகோளை மற்ற எடுகோள்களிலிருந்தே நிறுவிவிட வேண்டும் என்ற வேட்கை லெஜாந்தரை வாழ்நாள் முழுவதும் விடவில்லை. ஒரு பதிப்பில் புது நிறுவல். பிறகு அதைக் கைவிட்டு யூக்ளிடிடமே திரும்புதல். 1823இல் மீண்டும் ஒரு முயற்சி. முக்கோணத்தின் கோணங்களின் கூடுதல் சரியாக இரண்டு செங்கோணம் என்று காட்டிவிட்டால் அந்த எடுகோளும் கைவசமாகும். அது இரண்டு செங்கோணத்தை மிஞ்சாது என்பதை எடுகோளின் துணையின்றியே அழகாக நிறுவினார். இத்தாலியில் சாக்கேரி 1733இலேயே எட்டிய முடிவு அது. குறையவும் குறையாது என்று காட்டப் புகுந்த இடத்தில்தான் சறுக்கல். கோணத்துக்குள் உள்ள எந்தப் புள்ளி வழியாகவும் இரு கரங்களையும் வெட்டும் நேர்கோடு ஒன்றை வரையலாம் என்று ஓரிடத்தில் கொண்டார். கேட்கும்போது யாரும் மறுக்கமாட்டார்கள். ஆனால் நிறுவ வந்த எடுகோளே அதற்குள் ஒளிந்திருக்கிறது. 1829இல் கசானில் லோபசெவ்ஸ்கி அந்த எடுகோள் பொருந்தாத வடிவியலை வெளியிட்டுவிட்டார். 1833இல், தாம் மறைந்த ஆண்டிலும், லெஜாந்தர் தம் நிறுவல்களைத் திரட்டி அச்சிட்டார். தோல்விதான். ஆனாலும் தீராத ஒரு வழக்கைப் பாடநூலுக்குள்ளேயே வைத்து, பதிப்புக்குப் பதிப்பு தம் மனமாற்றத்தை மாணவர் முன் காட்டிய துணிவு எத்தனை ஆசிரியர்க்கு வரும்?

பின்குறிப்புகளும் இப்படிப்பட்டவையே. பை விகிதமுறா எண் என்று லாம்பர்ட் காட்டியிருந்தார். லெஜாந்தர் அதன் வர்க்கமும் அப்படியே என்று ஒரு குறிப்பில் நிறுவினார். முழு எண் கெழுக்கள் கொண்ட எந்தச் சமன்பாட்டுக்கும் பை தீர்வாகாது போலும் என்ற ஐயத்தையும் அங்கேயே எழுதிவைத்தார். 1882இல் லிண்டமன் அதை உறுதிசெய்தபோது, வட்டத்துக்குச் சமமான சதுரத்தை அளவுகோலும் கவராயமும் கொண்டு வரையும் பழைய ஆசையும் முடிவுக்கு வந்தது.

திண்மங்களில் வேறொரு கேள்வி. ஒத்த முகங்களால் அடைபட்ட திண்மங்களைச் சமமென யூக்ளிட் வரையறையாகவே சொல்லிவிட்டார். அது நிறுவ வேண்டிய தேற்றமல்லவா என்றார் லெஜாந்தர். இடக்கையும் வலக்கையும் போல, பகுதிகள் எல்லாம் சமமாயிருந்தும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாத திண்மங்களையும் அவர் தனியே பிரித்துக் காட்டினார். அவர் தூண்டுதலால் இந்தக் கேள்வியைக் கையிலெடுத்த கோஷி, குவிந்த திண்மங்களுக்கு 1813இல் விடை தந்தார்.