வீதி எவருக்குரியது?

கனடாவின் ரொறன்ரோ நகரிலே, மேற்குப் புளோர் வீதிக் கடைத்தெரு 1960களில் நலிவுற்றது. நிலக்கீழ் ரயிலும் புதிய பேரங்காடிகளும் வாடிக்கையாளரை ஈர்த்துக்கொண்டன. சிலர் கொடுக்கப் பலர் பயனடையும் நன்கொடை முறை போதாதென உணர்ந்த வணிகர், அனைவரிடமும் வரி அறவிடச் சட்டம் வேண்டினர். 1970இல் உலகின் முதலாவது வணிக மேம்பாட்டுப் பகுதி அங்கே உருவாயிற்று. விளக்குகளும் பூந்தொட்டிகளும் இருக்கைகளும் வந்தன. போட்டியையே அறமெனப் போற்றும் வணிகரும் கூட்டுமுயற்சியின்றி வாழவியலாதென்பதை வரலாறு மெய்ப்பித்தது.

ஆயின், அக்கூட்டிலே உழைப்பவர்க்கு இடமுண்டா? இம்முறை பரவிய நியூயோர்க்கில், கிராண்ட் சென்ட்ரல் நிலையச் சூழலில் இயங்கிய இத்தகைய அமைப்பு, வீடற்றோரைக் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழாக வேலைவாங்கியமை சட்டவிரோதமென 1998இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பணம் செலுத்துவோர் மட்டுமே முடிவுசெய்யும் வீதி, எத்துணை அழகுடையதாயினும், பொதுவீதியாகாது என்பதே நமது கருத்து.