தோமானுக்கும் செபாராவுக்கும் ஈத் தூண்டில்: எதை வாங்குவது?

தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்குத் தூண்டில் புதிதல்ல. மூங்கில் கம்பு, ஒரு முள், நாலு மண்புழு இருந்தால் போதும். ஓடையிலோ பழைய ஈயக் குட்டையிலோ மீன் கிடைத்துவிடும். 'பிளை பிஷிங்' எனப்படும் ஈத் தூண்டில் அப்படியல்ல. இறகும் மயிரும் வைத்துக் கட்டிய ஈக்கு எடை மிகக் குறைவு. தனியாக வீசினால் காலடியிலேயே விழும். கனமான பூச்சு உள்ள கயிறுதான் அதைத் தூரத்துக்குக் கொண்டுபோகிறது.

அதனால் கம்பை முதலில் வாங்குவது தலைகீழ் வேலை. எந்த மீன், அதற்கு எந்த ஈ, அந்த ஈயைச் சுமக்க எத்தனை எண் கயிறு, கடைசியில் அதே எண்ணுள்ள கம்பு என்பதே சரியான வரிசை. எண் கூடக்கூடக் கயிற்றின் கனமும் கூடும்.

இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் தொகுப்புகள் பெரும்பாலும் குளிர்நாட்டு டிரவுட் மீனுக்கு உரியவை. 5-ஆம் எண் கம்பு, குளிர்ந்த நீருக்கான கயிறு, கொசு அளவு ஈக்கள். நம் நாட்டு வெயிலில் அந்தக் கயிறு இளகித் துவண்டு, கம்பின் வளையங்களில் ஒட்டிக்கொள்ளும். வீசத் தெரியவில்லை என்று பலர் தங்களையே நொந்துகொள்வார்கள். குற்றம் கயிற்றில் இருக்கும். உறையில் 'டிராப்பிக்கல்' என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். ரீலில் மிச்சம் பிடித்தாலும் கயிற்றில் பிடிக்கக் கூடாது.

செபாராவ் ஆற்று மீன். வேகநீர் முடியும் இடத்திலும், விழுந்த மரங்களின் ஓரத்திலும், ஓடை வந்து ஏரியில் கலக்கும் முகத்திலும் காத்திருந்து சிறு மீன்களைத் துரத்தும். இதற்கு 9 அடி நீளமுள்ள 6-ஆம் எண் கம்பு பொருந்தும். கயிற்றின் நுனியில் 12 முதல் 16 பவுண்ட் வரையிலான நைலான் இழை ஏழெட்டு அடி போதும். ஈ என்றால் 'குளவுசர் மின்னோ'. அமெரிக்காவின் பென்சில்வேனியாவைச் சேர்ந்த பாப் குளவுசர் 1980களில் உருவாக்கியது. தலையில் கட்டிய உலோகக் கண்களின் எடையால் முள் மேல்நோக்கித் திரும்பி நீந்தும். மரக்கிளையில் அவ்வளவாக மாட்டாது. வெள்ளையும் பச்சையும் கலந்தது ஒன்று, மஞ்சள் ஒன்று வைத்துக்கொண்டால் ஒரு நாளை ஓட்டிவிடலாம்.

தோமான் வேறு ரகம். ஒரு மீட்டருக்கு மேலும் வளரும், பல்லும் கூர்மை. 8 அல்லது 9-ஆம் எண் கம்பு வேண்டும். இழையின் கடைசியில் 40 முதல் 60 பவுண்ட் தடித்த நைலான் ஓர் அடி சேர்க்காவிட்டால் ஈயும் போகும், மீனும் போகும். தண்ணீரின் மேல் சத்தமிட்டு வரும் 'பாப்பர்', மான் மயிரில் கட்டிய 'டைவர்' இரண்டும் நல்லவை. புல் மாட்டாதிருக்க முள்ளுக்குக் காப்பு இழை இருப்பது அவசியம். தோமான் மூச்செடுக்க மேலே வரும். அது தலைகாட்டிய மறுகணமே அது போகும் திசைக்குச் சற்று முன்னால் ஈ விழ வேண்டும்.

செந்நிறக் குஞ்சுக் கூட்டம் நீர்மேல் கொப்பளித்தால் அடியில் தாயும் தந்தையும் காவல் நிற்கின்றன என்று அர்த்தம். அப்போது எதைப் போட்டாலும் அவை பாயும். தோமான் பிடிக்க இதைவிடச் சுலபமான வழி இல்லை. ஆனால் காவல் போன குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்றுவிடும். அந்தக் கூட்டத்தை விட்டுவிலகுவதே முறை.

மீன் கடித்ததும் பழக்கத்தில் கம்பைத் தூக்கினால் முள் இறங்காது. கம்பு நுனி நீரை நோக்கியபடி இருக்க, இடக்கையால் கயிற்றை அழுத்தமாக இழுக்க வேண்டும். முள்ளின் எதிர்க்கொக்கியைக் குறடால் நசுக்கி வைத்தால் மீனை விடுவிப்பதும், கையில் தைத்தால் எடுப்பதும் எளிது.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 8-ஆம் எண். செபாராவுக்குக் கொஞ்சம் மிகைதான், ஆனால் 6-ஆம் எண்ணால் பெரிய தோமானை மரக்கட்டையிலிருந்து திருப்ப முடியாது. தெமெங்கோர், கெனியிர் போன்ற ஏரிகளுக்குப் புறப்படுமுன் அனுமதி விதிகளை விசாரித்துக்கொள்ள வேண்டும். அதற்கும் முன்னால் சில மாலைகள் பந்துத் திடலில், முள் இல்லாமல் நுனியில் கம்பளி நூல் கட்டி வீசிப் பழகலாம்.