மாத்திரைக்கு முன் ஒரு நிமிடம்

டிகாக்சின் கொடுப்பதற்கு முன் நர்ஸ் ஒரு நிமிடம் முழுசா இதயத்துடிப்பை எண்ணுவார். பெரியவர்களுக்கு 60-க்குக் கீழே இருந்தால், மாத்திரையை நிறுத்திவைத்து டாக்டரிடம் சொல்வார். இது பழைய எச்சரிக்கைங்க. ஃபாக்ஸ்குளோவ் செடியின் இலையை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் விதரிங், நாடியிலோ வயிற்றிலோ மாற்றம் தெரிந்ததும் மருந்தை நிறுத்தணும் என்று 1785-லேயே எழுதிவிட்டார். டிகாக்சினும் அதே செடி இனத்திலிருந்து வந்ததுதான்.

பின்னாளில் துடிப்பைச் சீராக்கும் குயினிடினையும் டிகாக்சினோடு சேர்த்துப் பல வருஷம் கொடுத்தாங்க. அப்படிச் சேரும்போது ரத்தத்தில் டிகாக்சின் அளவு ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்பது 1978-இல்தான் வெளிவந்தது. சீட்டில் அதே டோஸ், உடம்புக்குள் இரட்டிப்பு! சீட்டு சொல்லாததை அந்த ஒரு நிமிடம் சொல்லிவிடலாம்.