கைமுதலும் அடுத்த மேசையும்

போக்கர் ஆடுபவர் எந்த அளவுப் பந்தயத்தில் உட்காரலாம், அதைவிடப் பெரிய மேசைக்கு எப்போது ஏறலாம் என்பதற்கு வெகுகாலம் விதி என்று எதுவும் கிடையாது. லாஸ் வேகாஸ் சீட்டாட்டக் கூடங்களில் பையில் இருந்த பணமும் ஆளின் துணிச்சலுமே அதை முடிவு செய்தன. நொடித்துப் போனவர் யாரிடமாவது கைமாற்று வாங்கிக்கொண்டு அதே மேசைக்குத் திரும்புவார். உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியை 1980, 1981, 1997 ஆகிய ஆண்டுகளில் வென்ற ஸ்டூ உங்கர், 1998 நவம்பரில் இறந்தபோது சேமிப்பு என்று சொல்லும்படி எதையும் விட்டுச் செல்லவில்லை. சீட்டில் வென்றதைக் குதிரைப் பந்தயமும் போதைப் பழக்கமும் தின்று தீர்த்திருந்தன.

கணக்கு வேறு இடத்திலிருந்து வந்தது. பெல் ஆய்வகத்தில் பணிபுரிந்த ஜான் கெல்லி 1956இல் எழுதிய கட்டுரை, தனக்குச் சாதகமான பந்தயத்தில் கைமுதலில் எத்தனை பங்கை வைத்தால் பணம் மிக விரைவாகப் பெருகும் என்று காட்டியது. கைமுதல் வளர்ந்தால் பந்தயமும் வளரும். கரைந்தால் பந்தயமும் சுருங்க வேண்டும். எட்வர்ட் தோர்ப் 1960களில் இதை பிளாக்ஜாக் மேசைக்குக் கொண்டுபோனார். போக்கரில் ஏற்ற இறக்கத்தை அளந்து, இவ்வளவு கைமுதல் தேவை என்று சொன்னவர்களில் மேசன் மால்முத் முக்கியமானவர். சூதாட்டக் கோட்பாடு பற்றிய அவருடைய நூல் 1987இல் வந்தது.

பந்தய அளவு முன்கூட்டியே வரையறுக்கப்பட்ட லிமிட் ஆட்டத்தில் புழங்கிய விதி, 300 பெரிய பந்தயம். மணிக்குச் சராசரியாக ஒரு பெரிய பந்தயம் வெல்பவருக்கு ஏற்ற இறக்கம் மணிக்குப் பத்துப் பந்தயம் என்று வைத்துக்கொண்டால், 300 பந்தயம் கையில் இருக்கும்போது அவர் என்றாவது போண்டியாகும் வாய்ப்பு கால் சதவீதம்தான். 100 பந்தயம் மட்டுமே இருந்தால் அது 13 சதவீதத்தைத் தாண்டிவிடும். பெரிய பந்தயம் 6 டாலராக உள்ள 3-6 டாலர் மேசையில் 1,800 டாலரோடு பத்திரமாக ஆடுபவர், அதே பணத்தோடு 5-10 மேசைக்குப் போனால் அவரிடம் இருப்பது 180 பந்தயம். அங்கே எதிராளிகளும் கெட்டிக்காரர்கள். அவர் வெல்லும் வேகம் பாதியாகக் குறைந்தால் போண்டியாகும் வாய்ப்பு நூற்றுக்கு 16க்கு மேல். ஒரே ஒரு படி அகலக் கால் வைத்ததற்கு இவ்வளவு.

1998 ஜனவரி 1 அன்று பிளானட் போக்கர் என்ற தளம் நிஜப் பணத்துக்கு ஆட்டத்தைத் தொடங்கியது. முதல் மேசை 3-6 டாலர். அடுத்த சில ஆண்டுகளில் வந்த பார்ட்டிபோக்கர், போக்கர்ஸ்டார்ஸ் போன்றவை பந்தயத்தைச் சென்ட் கணக்குக்கு இறக்கின. சீட்டுப் போடுபவருக்குச் சம்பளம், மேசைக்கு இடவாடகை எல்லாம் உள்ள கூடத்தில் 1-2 சென்ட் ஆட்டம் கட்டுப்படியாகாது, இணையத்தில் கட்டுப்படியாயிற்று. அங்கிருந்து நூற்றுக்கணக்கான டாலர் மேசை வரை ஏறக்குறைய இரட்டிப்பாக உயரும் படிகள் உருவாயின. கூடத்தில் மணிக்கு முப்பது ஆட்டம் ஓடினால், இணையத்தில் நான்கு மேசை திறந்து வைத்தவர் இருநூறுக்கு மேல் ஆடினார். ஒவ்வோர் ஆட்டமும் பதிவானதால் போக்கர்டிராக்கர் போன்ற மென்பொருள்கள் வரவு செலவைத் தெளிவாகக் காட்டின. படியேறுவது அன்றாடக் கேள்வியானது இதனால்தான்.

ஆனால் மக்களை இழுத்து வந்த கதை நேர் எதிரானது. கணக்கரான கிறிஸ் மணிமேக்கர், போக்கர்ஸ்டார்ஸில் 86 டாலர் கட்டி ஆடிய தகுதிப் போட்டி வழியாக 2003 முதன்மைப் போட்டிக்குப் போய் 25 லட்சம் டாலர் வென்றார். அது படியேறியது அல்ல, ஒரே தாவல். அந்த ஆண்டு 839 பேர் கலந்துகொண்ட போட்டியில் 2006இல் 8,773 பேர் ஆடினார்கள்.

அதே 2006இல் 2000ஆம் ஆண்டின் வெற்றியாளரும் கணினியியல் முனைவருமான கிறிஸ் ஃபெர்குசன், ஃபுல் டில்ட் தளத்தில் பூஜ்யத்திலிருந்து 10,000 டாலர் சேர்ப்பதாகச் சவால் எடுத்தார். கட்டணமில்லாப் போட்டிகளில் சில்லறை சேர்த்துத் தொடங்கினார். ரொக்க மேசைக்குக் கைமுதலில் 5 சதவீதத்துக்கு மேல் கொண்டுபோகக் கூடாது; பெரிய போட்டிகளுக்கு 2 சதவீதம். அடிமட்டத்தில் மட்டும் சிறு விலக்கு. இவற்றைவிடக் கடினமானது இன்னொன்று: மேசையில் தன் முன்னால் சேர்ந்த பணம் மொத்தக் கைமுதலில் 10 சதவீதத்தைத் தாண்டினால், பிளைண்ட் எனப்படும் கட்டாயப் பந்தயத்தைக் கட்டும் முறை தன்னிடம் வந்ததும் எழுந்துவிட வேண்டும். ஜெயித்துக்கொண்டிருக்கும்போது எழுவது சீட்டாடுபவர் யாருக்கும் கசக்கும். கைமுதல் சரிந்தபோதெல்லாம் விதி அவரைச் சிறிய மேசைக்கு இறக்கியது. ஏறத்தாழ ஒன்றரை ஆண்டில் இலக்கை எட்டினார்.

அந்தத் தளத்தின் இயக்குநர்களில் அவரும் ஒருவராக இருந்தார். 2011 ஏப்ரல் 15 அன்று அமெரிக்க அரசு பெரிய தளங்களை முடக்கியது. ஃபுல் டில்ட் ஆட்டக்காரர்களுக்குத் தர வேண்டியது சுமார் 39 கோடி டாலர் என்றும், மார்ச் இறுதியில் வங்கியில் இருந்தது 6 கோடி மட்டுமே என்றும் நீதித்துறை அதே ஆண்டு செப்டம்பரில் குற்றம்சாட்டியது. தனியாள் கைமுதலுக்கு வகுத்த கட்டுப்பாடு நிறுவனத்தின் கல்லாவை எட்டவில்லை. ஆட்டக்காரர்கள் எல்லாரையும்கூட அது எட்டவில்லை: அதே தளத்தில் 2009இல் இசில்டர்1 என்ற பெயரில் ஆடிய சுவீடன் இளைஞர் விக்டர் புளோம் விதி எதையும் மதிக்காமல் உச்ச மேசைகளில் லட்சக்கணக்கான டாலர் வென்றார். டிசம்பரில் ஒரே அமர்வில் சுமார் 42 லட்சம் டாலர் இழந்தார்.

பந்தயத்துக்கு வரம்பில்லாத நோ-லிமிட் ஆட்டம் பரவியபின் கணக்கின் அலகு மாறியது. ஒரு மேசையில் உட்காரக் கொண்டுபோகும் 100 பெரிய பிளைண்டை ஒரு பங்காக்கி, 20 பங்கு சேர்ந்தால் ஏறலாம் என்றார்கள். ஆட்டம் கடினமாக ஆக அது 30, 50 என்று ஏறியது. இதிலும் ஓர் ஓட்டை உண்டு: கைமுதல் சேர்ந்தது திறமையாலா, சீட்டு வாகாக விழுந்ததாலா என்று அது சொல்லாது. 100 ஆட்டத்துக்குச் சராசரியாக 5 பிளைண்ட் வெல்லும் திறமைசாலி, வழக்கமான ஏற்ற இறக்கத்தில் 10,000 ஆட்டத்தின் முடிவில் நஷ்டத்தில் நிற்க நூற்றுக்கு 29 வாய்ப்பு உண்டு. ஒரு லட்சம் ஆட்டத்துக்குப் பிறகும் 4 உண்டு. திறமையில்லாதவர் இதே காரணத்தால் லாபத்தில் நிற்கவும் முடியும். ஆகவே அனுபவசாலிகள் மேல்மேசைக்கு இரண்டு மூன்று பங்கை மட்டும் ஒதுக்கி, அது போனால் அன்றே பழைய மேசைக்கு இறங்கிவிடும் வழக்கத்தை வைத்துக்கொண்டார்கள்.